கண்ணின் நீளம்

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை மீட்டரால் அளக்கிறோம். பூவையும் முழம் போட்டுத்தான் வாங்குகிறோம். கண்ணுக்கும் ஒரு நீளம் உண்டு, அதையும் அளந்தாக வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கருவிழியின் முன்புறத்திலிருந்து விழித்திரை வரை, வளர்ந்தவர்களுக்கு அது சராசரியாக ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளும் நம் பாட்டிமாரின் பார்வை இச்சிறு அளவைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டுத் தடித்த மூக்குக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைக்கும் முறையை லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர் 1949 நவம்பர் 29-ல் தொடங்கினார். ஆனால் வில்லையின் திறன் பொருந்தாமையால் அந்த முதல் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. பிற்காலத்தில், மதுரையில் 1992-ல் தொடங்கப்பட்ட ஆரோலேப் இவ்வில்லைகளை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்து கொடுத்தது. வில்லை மலிவாகலாம், அளவெடுப்பில் மலிவு கூடாது என்பதே என் கருத்து.

1980-ல் வெளிவந்த எஸ்.ஆர்.கே. சூத்திரத்தில் கண்ணின் நீளம் 2.5 ஆல் பெருக்கப்படுகிறது. அதாவது, அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் வில்லையின் திறன் இரண்டரை டயாப்டர் தவறும். இன்று புதிய சூத்திரங்கள் வந்துள்ளன. எனினும் தவறான அளவை எந்தச் சூத்திரமும் திருத்தித் தராது.

மாணவிகளே, வகுப்பில் படித்த எதிரொலிதான் இங்கே உதவுகிறது. கேளா ஒலியைக் கண்ணுக்குள் அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். கண்ணுக்குள் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1550 மீட்டர். போய்வர ஆகும் நேரம் விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் முப்பது பங்கு! கருவியின் முனையைச் சற்றே அழுத்திவிட்டால் கருவிழி அமுங்கி, கண் குட்டையாகத் தெரியும். வேண்டியதைவிடத் திறன் கூடிய வில்லை வைக்கப்படும். பாட்டிக்கு அரிசியில் கல் தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது. இதைத் தவிர்க்கக் கண்ணின்மேல் சிறு குழாயை நிறுத்தி, திரவம் நிரப்பி, முனை தொடாமலே அளக்கும் முறையும் உண்டு. 1999 முதல் ஒளியால் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அவை கண்ணைத் தொடுவதே இல்லை, மிக நுட்பமானவை.

ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில், "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இது தேவையற்ற காத்திருப்பு. முற்றி வெளுத்த புரையில் அந்த ஒளி ஊடுருவாது. சிறந்த கருவி இருந்தும் பயன்படாமல் போகும். நாள் கடத்துகிறவர்கள் நல்ல அளவைத் தாங்களே இழக்கிறார்கள். பாட்டி செய்யும் வேலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பீடி சுற்றுகிறவருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் வேண்டிய பார்வை ஒன்றல்லவே!

பெத்சாயிதாவில் ஆண்டவர் தொட்ட பார்வையற்றவர், முதலில் மனிதரை நடக்கும் மரங்களைப்போலக் கண்டார். பார்வை வந்ததே போதுமென்று இயேசு அவரை அனுப்பிவிடவில்லை. மீண்டும் கைவைத்துத் தெளிவாகக் காணச் செய்தார். இலவச முகாமில் வந்த ஏழைக்கும் அந்த இரண்டாம் தொடுதல் வேண்டும். சந்தேகமிருந்தால் மறுபடி அளக்க வேண்டும். இரு கண்களையும் அளந்து ஒப்பிட வேண்டும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இயங்குகிறது. அங்கே இத்தகைய பணிகளுக்குக் கிராமத்து இளம்பெண்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுப் பயிற்சி அளிக்கிறார்கள். பெண்ணுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்கும் பெற்றோர், அடுத்த முறை அங்கே போகும்போது, பாட்டியின் கண்ணருகே கருவியைப் பிடித்து நிற்பவர் யார் என்று பார்த்து வரட்டும்.