விசா கையில் வரும்வரை காசு கைமாறக் கூடாது
வெளிநாட்டு வேலை விசாவுக்கான காத்திருப்பும் செலவும்: எமது நிலைப்பாடு

கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயன், ஜெயபுரம், வன்னேரிக்குளம் முதலான அயற்கிராமங்களிலும் வாழும் விவசாயிகள், பெண்கள், இளைஞர்கள் சேர்ந்து இயங்கும் எமது அமைப்பு, வெளிநாட்டு வேலை விசாவுக்கு விண்ணப்பிப்போர் படும் பாடு பற்றிய தன் நிலைப்பாட்டை இவ்வறிக்கை மூலம் பகிரங்கப்படுத்துகிறது. வெளிநாடு போவதை நாம் எதிர்க்கவில்லை; போகச் சொல்லித் தூண்டவுமில்லை. போவதா இருப்பதா என்பது அவரவர் முடிவு. அந்த முடிவை எடுத்தவர் புறப்படும் முன்பே கடனாளியாவதைத்தான் எதிர்க்கிறோம்.

எமது நிலைப்பாடு மூன்று வரிகளில்

1. ஆள் சேர்க்கும் செலவு வேலை தருபவருடையது. தொழிலாளியிடம் அதை அறவிடக் கூடாது.
2. விசா வழங்கப்படும் முன் எந்த முகவரும் விண்ணப்பதாரரிடம் சேவைக் கட்டணமோ முற்பணமோ வாங்கக் கூடாது.
3. காத்திருப்பும் ஒரு செலவே. எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைப் பணம் கேட்பவரும் ஆவணம் கேட்பவரும் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும்.

காத்திருப்பின் விலை

காத்திருப்புக்கு விலை உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024இல் நடைமுறையிலிருந்த கட்டணப்படி கடவுச்சீட்டைச் சாதாரண சேவையில் பெற 10,000 ரூபா, ஒருநாள் சேவையில் பெற 20,000 ரூபா. புத்தகம் ஒன்றுதான், மேலதிக பத்தாயிரம் காத்திருக்காமல் இருப்பதற்கு. அதே ஆண்டில் வெற்றுக் கடவுச்சீட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதும் நாடறிந்தது.

கடவுச்சீட்டு முதற்படி மட்டுமே. அதன்பின் பொலிஸ் நற்சான்று, மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்தல், வேலை ஒப்பந்தம், விசா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு என்று நீள்கிறது. இவற்றுள் பலவற்றுக்குக் காலாவதித் திகதி உண்டு. விசா இழுபட்டால் மருத்துவ அறிக்கை காலாவதியாகும். திரும்பவும் கொழும்புக்குப் போய், திரும்பவும் காசு கட்டி எடுக்க வேண்டும். தாமதம் யாருடையதாக இருந்தாலும் செலவு விண்ணப்பதாரருடையதாகிறது.

வட்டி அதைவிடக் கொடியது. ஒருவர் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் பத்து இலட்சம் ரூபா வாங்கி முகவரிடம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 30,000 ரூபா. விசா எட்டு மாதம் இழுபட்டால் 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வட்டியாகவே போய்விடும். அவர் இன்னும் விமானம் ஏறவில்லை. முதல் அப்படியே நிற்கிறது.

கணக்கில் வராத இழப்பும் உண்டு. இன்றைக்கோ நாளைக்கோ விசா வரும் என்று நம்பியிருப்பவர் காலபோகத்துக்கு வயல் விதைக்கத் துணிவதில்லை. காணியைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். மேசன் வேலைக்கோ கடை வேலைக்கோ நிரந்தரமாகச் சேர்வதுமில்லை. விசா வராவிட்டால் அந்தப் போகமும் போய்விடுகிறது.

நாடுகளின் சட்டம் இடையில் மாறும் ஆபத்தும் அவர் தலையில்தான். பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாடுகளிலிருந்து புதிதாக எடுக்கும் விசா வழியை 2025 ஜூலை 22ஆம் திகதியுடன் பிரித்தானியா மூடியது. அந்த வழியை நம்பி முன்கூட்டியே காசு கட்டியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை யாருக்கு என்று எந்தக் கடதாசியிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

உண்மையான கட்டணம் எவ்வளவு?

ருமேனியாவின் நீண்டகால விசாக் கட்டணம் 120 யூரோ. எமது காசில் நாற்பதாயிரம் ரூபா அளவில். கனடாவில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கத் தேவைப்படும் தொழிற்சந்தை மதிப்பீட்டுக்கு 1,000 கனேடிய டொலர் கட்டணம். அதை வேலை தருபவரே கட்ட வேண்டும், தொழிலாளியிடம் திருப்பி அறவிட அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. தொழிலாளி கட்டுவது வேலை அனுமதிக்கு 155 டொலரும் கைரேகைப் பதிவுக்கு 85 டொலரும். ஊரில் இதே நாடுகளுக்குக் கேட்கப்படுவதோ இலட்சக் கணக்கு. இடையில் உள்ள தொகை எந்தத் தூதரகத்துக்கும் போவதில்லை.

முகவரே இல்லாமல் ஆள் அனுப்ப முடியும் என்பதற்குத் தென்கொரியா சான்று. 2004இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின் கீழ் அந்நாட்டுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே நேரடியாக ஆள் அனுப்புகிறது. ஆனால் அங்கும் காத்திருப்பு தீரவில்லை. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவரின் பெயர் பட்டியலில் ஏறும். அங்குள்ள வேலை தருபவர் ஒருவர் தெரிவுசெய்தால்தான் பயணம். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதற்குள் அழைப்பு வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சித்தி என்பது வேலை அல்ல என்பதைப் பரீட்சைக்குப் பணம் கட்டும் அன்றே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வளைகுடாவுக்கு வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களின் கதை வேறு. அவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதிலாக முகவரே முற்பணம் கொடுக்கிறார். இதைச் சலுகை என்று நாம் கருதவில்லை. அந்தக் காசு வீட்டுத் தேவையில் கரைந்தபின், ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பெண் இழந்துவிடுகிறாள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த எமது மாவட்டத்தில் இது பாரிய பிரச்சினை.

வன்னிக்கே உரிய சுமைகள்

2008, 2009 இடப்பெயர்வுகளில் எமது மக்களில் பலர் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பத்திரங்கள், காணி ஆவணங்கள் அனைத்தையும் இழந்தனர். பின்னர் வெவ்வேறு காலங்களில் எடுத்த பிரதிகளில் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஓர் எழுத்து வேறுபட்டாலே கோவை திரும்பி வருகிறது.

தூரம் அடுத்த சுமை. கொழும்பு எமக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். மருத்துவப் பரிசோதனைக்கோ விசா நிலையத்துக்கோ ஒரு முறை போய்வர இரண்டு நாள் கூலி போகும். பஸ் காசும் தங்குமிடச் செலவும் வேறு. போலந்து போன்ற நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகமே இல்லை. புதுடெல்லித் தூதரகம்தான் இலங்கையையும் கவனிக்கிறது. சேவையை மக்களிடம் கொண்டுவர முடியும் என்பதற்கு, வவுனியாவில் முன்பிருந்தே இயங்கும் கடவுச்சீட்டு அலுவலகமும் 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்ட அலுவலகமும் சான்று. அதனை வரவேற்கிறோம், மற்றச் சேவைகளும் அவ்வாறே வர வேண்டும்.

மூன்றாவது, கடன் வாங்கும் வழி. இங்கே பலரிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல, அனுமதிப்பத்திரக் காணி. அதை விரும்பியபடி ஈடுவைக்க முடியாது. ஆகவே தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, அல்லது தனியாரிடம் வட்டிக்கு வாங்குகிறார்கள், அல்லது கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் உறவினர் உண்டியலில் அனுப்புகிறார்கள். பின்னைய இரண்டிலும் பற்றுச்சீட்டு இருப்பதில்லை.

எமக்குச் சொல்லப்படும் மறுப்புகள்

முற்பணம் வாங்காவிட்டால் தொழில் நடத்த முடியாது என்கிறார்கள் முகவர்கள். வியாபாரத்தின் முதலீட்டை வியாபாரியே போட வேண்டும். அதை எமது பெண்களின் நகையில் போட முடியாது. தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் அறவிடக் கூடாது என்பதையே சர்வதேச தொழில் நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டின் 181ஆவது சமவாயமும் பொதுவிதியாகக் கொண்டுள்ளது.

கட்டுப்பாடு கூடினால் மக்கள் கள்ள வழியை நாடுவார்கள் என்பது மற்றொரு வாதம். மக்களைக் கள்ள வழிக்குத் தள்ளுவது கட்டுப்பாடு அல்ல. நேர்வழியின் செலவும் முடிவு தெரியாத காத்திருப்பும்தான். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அப்பால் நடுக்கடலில் தத்தளித்த படகிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டனர். ஐரோப்பா போகலாம் என்று நம்பிப் புறப்பட்ட வடக்கு இளைஞர் சிலர் ரஷ்ய இராணுவத்தில் சேர்க்கப்பட்டதாக 2024இல் அவர்களின் குடும்பங்கள் முறையிட்டன. நேர்வழி தெளிவாகவும் மலிவாகவும் இருந்தால் இத்தகைய தரகர்களுக்கு வாடிக்கையாளர் குறைவர்.

எமது கோரிக்கைகள்

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம்: 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, விசாவுக்கு முன் பணம் வாங்குவதை முகவர் அனுமதிப்பத்திரத்தை இழக்கச் செய்யும் குற்றமாக்குங்கள். நாடு வாரியாக உத்தியோகபூர்வக் கட்டணங்களையும் அண்மைய சராசரிக் காத்திருப்புக் காலத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழில் வெளியிட்டு, எல்லாப் பிரதேச செயலகங்களிலும் ஒட்டுங்கள். விசா மறுக்கப்பட்டால் முப்பது நாளுக்குள் ஆவணங்கள் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும்.

அரசாங்கத்திடம்: 2024இல் வெளிநாடுகளில் உழைப்போர் நாட்டுக்கு அனுப்பியது 6.5 பில்லியன் டொலருக்கும் மேல். அதில் சிறு பங்கையாவது அவர்கள் புறப்படும் வழியைச் சீர்செய்யச் செலவிடுங்கள். கொன்சியூலர் உறுதிப்படுத்தல், பொலிஸ் நற்சான்று, பெயர்த் திருத்தம் ஆகியவற்றுக்கான நடமாடும் சேவை மாதம் ஒருமுறையாவது கிளிநொச்சி மாவட்டச் செயலகத்தில் நடக்க வேண்டும். அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தமிழ்வழிக் கொரிய, ஜப்பானிய மொழி வகுப்புகளும் வடக்கில் ஒரு பரீட்சை நிலையமும் வேண்டும்.

அரச வங்கிகளிடம்: விசா வழங்கப்பட்டபின் மட்டும் விடுவிக்கப்படும் குறைந்த வட்டிக் கடன் ஒன்றை, அனுமதிப்பத்திரக் காணியாளரும் பெறக்கூடிய பிணை நிபந்தனையோடு தாருங்கள்.

தூதரகங்களிடமும் விசா நிலையங்களிடமும்: முடிவு நெருங்கும்போது மட்டும் மருத்துவ அறிக்கையைக் கேளுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்பதை விண்ணப்பதாரர் தாமே அறிய வழி செய்யுங்கள். அதை அறியவே முகவரிடம் காசு கட்டும் நிலை இருக்கக் கூடாது.

புலம்பெயர்ந்த எமது உறவுகளிடம்: முகவரின் பெயருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ காசு அனுப்பாதீர்கள். உதவ விரும்பினால் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அந்த நாட்டில் அந்த நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வது, அனுப்பும் காசைவிடப் பெரிய உதவி.

நாம் செய்யப்போவது

எமது அமைப்பு எந்த முகவரையும் பரிந்துரைக்காது. நிர்வாகத்தில் உள்ள எவரும் ஆள் சேர்க்கும் தரகில் ஈடுபடக் கூடாது. ஈடுபட்டால் பொறுப்பிலிருந்து விலக்கப்படுவார். காசு கொடுக்கும் முன் எம்மிடம் வருவோருக்கு, முகவரின் அனுமதிப்பத்திரமும் அந்த வேலைக்கான பணியக அங்கீகாரமும் உண்மைதானா என்பதை 1989 என்ற பணியகத் தொலைபேசி இலக்கத்திலும் கரைச்சிப் பிரதேச செயலக உத்தியோகத்தரிடமும் உறுதிசெய்ய உதவுவோம். ஏற்கெனவே காசு கொடுத்துக் காத்திருப்போரின் விபரங்களை, அவர்களின் சம்மதத்துடன் மட்டும் திரட்டி, பெயர்களை வெளியிடாமல் பணியகத்திடம் கூட்டு முறைப்பாடாகக் கையளிப்போம். ஏமாந்தவர் வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கத் தேவையில்லை. வெட்கப்பட வேண்டியவர் காசை வாங்கியவர்.

எமது ஊர் மக்களிடம் கேட்பது ஒன்றுதான். விசா வரும் முன் காசு கேட்கும் எவருக்கும் இல்லை என்று சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் முகவர் அடுத்த வீட்டுக்குப் போவார்; எல்லா வீட்டிலும் அதே பதில் கிடைத்தால் அவர் தன் நிபந்தனையை மாற்றியே ஆக வேண்டும்.