விசுவாசம் ஆயுள் காப்புறுதி ஆகாது

“உண்மையான விசுவாசிக்கு வியாதி இல்லை, நீடித்த ஆயுள் அவனுக்கு நிச்சயம்.” ஈப்போ வட்டாரத்துச் சுகமளிக்கும் கூட்டங்களில் பல ஆண்டுகளாக இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். மேடை மாறும், போதகர் மாறுவார், வாக்கியம் மட்டும் மாறாது. இப்போது அது கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக்கூட்டங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. நான் சிலிபின் லூர்து அன்னை ஆலயத்தில் பூசை காண்கிறவன். விசுவாசம் எனக்கு உயிர். அதன் பெயரால் சொல்லப்படும் பொய்யைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். இவர்கள் காட்டும் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் வேதம். திருப்பாடல் 91 நீண்ட ஆயுளைப் பேசுகிறது, தாய் தந்தையை மதிப்பவனின் வாழ்நாள் நீடிக்கும் என்று கட்டளையே சொல்கிறது என்பார்கள். சரி. ஆனால் பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை மன்றாடியும் அது நீங்கவில்லை. துரோப்பிமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். அடிக்கடி உடல்நலம் கெட்ட திமொத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை மது எடுத்துக்கொள்ளச் சொன்னாரே ஒழிய, உன் விசுவாசம் போதாது என்று குற்றம் சாட்டவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் இல்லை, அவரைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தை மண்ணிலிருந்து தந்தவர் ஆண்டவரே என்கிறது. இந்தப் பகுதிகளை அந்த மேடைகளில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

அடுத்தது அமெரிக்க ஆராய்ச்சி. கலிபோர்னியாவில் வாழும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரைப் பற்றி 2001இல் ஓர் ஆய்வு வந்தது. அம்மாநிலத்தின் மற்ற வெள்ளையர்களைவிட அச்சபை ஆண்கள் ஏழு ஆண்டுகளுக்கும் சற்று மேலாக, பெண்கள் நான்கு ஆண்டுகளுக்கும் சற்று மேலாகக் கூடுதலாய் வாழ்ந்தார்கள். இது உண்மை. ஏன் வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, பலர் இறைச்சி தொடுவதில்லை. அச்சபைக்குள்ளேயே காய்கறி, கொட்டை வகைகள் உண்டு, உடற்பயிற்சி செய்து, எடையைக் காத்தவர்களுக்கும் அப்படிச் செய்யாதவர்களுக்கும் இடையே பத்தாண்டு வரை வேறுபாடு தெரிந்தது. ஒரே சபை, ஒரே ஓய்வுநாள், ஒரே செபம். ஆயுள் மட்டும் வேறு. இதே சபையார்தான் 1924இலேயே பினாங்கில் மருத்துவப் பணி தொடங்கியவர்கள். விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம் என்பவர்கள் இவர்களைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை. நம்மிடையே ஒருவர் மனம் திரும்பிச் சம்சுக் குடியை விட்டார் என்றால் அவருடைய கல்லீரல் பிழைக்கும். மதம் மாறாமல் சம்சுவை விட்ட பக்கத்து வீட்டுக்காரரின் கல்லீரலும் அதே போலத்தான் பிழைக்கும்.

வேறோர் ஆய்வை இவர்கள் வெளியே எடுப்பதே இல்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் போன 1802 பேரை வைத்து அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் நடந்த அந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு பகுதியினருக்காக நாள் குறித்துச் செபித்தார்கள். அதனால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகச் செபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. செபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கு. ஆயுள் விசுவாசத்தைப் பின்தொடரும் என்றால், நூற்றுக்கு ஒருவர் அளவே கிறிஸ்தவர்களாக இருக்கும் ஜப்பான் எப்படி உலகிலேயே நீண்ட ஆயுள் கொண்ட நாடுகளில் முன்னணியில் நிற்கிறது? நம் நாட்டில் சீனர்கள் இந்தியர்களைவிட ஏன் அதிக காலம் வாழ்கிறார்கள்? பதில் கோயிலிலும் இல்லை, சபையிலும் இல்லை. வருமானத்திலும், உணவிலும், கிளினிக்குக்கு எந்தக் கட்டத்தில் போகிறோம் என்பதிலும் இருக்கிறது.

மூன்றாவது வாதம் நம் உணர்ச்சியைத் தொடுவது. தோட்டத்தில் இருந்த தாத்தா பாட்டி டாக்டர் முகமே பார்க்காமல், செபமாலையை மட்டும் நம்பித் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்களாம். தொண்ணூறு வரை இருந்தவர்கள்தான் பேரப்பிள்ளைகளின் நினைவில் இருப்பார்கள். லயத்தில் இருபது வயதில் காய்ச்சலில் போனவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே இல்லை. ரப்பர் நடுவதற்காக மலைக்காட்டை வெட்டியபோது, நிழலில் கிடந்த ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் மாக்குலேட்டஸ் என்னும் அனாஃபிலிஸ் கொசு பெருகும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சனம் தோட்டம் தோட்டமாக மலேரியாவில் மடிந்தது. கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடியவைத்தார், மலையோடைகளைக் குழாய் வழியே நிலத்தடியில் திருப்பினார், திருப்ப முடியாத நீரில் எண்ணெய் ஊற்றச் செய்தார். தோட்டத்து டிரெசர் வரிசையில் நிற்கவைத்துக் கொய்னா மருந்து கொடுத்தார். சாவு குறைந்தது. மாதா கோயிலுக்குப் போனவரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனவரும் ஒன்றாகவே பிழைத்தார்கள். நம் தாத்தா பாட்டியின் ஆயுளில் அந்த வடிகாலுக்கும் அந்தக் கசப்பு மருந்துக்கும் பங்கு உண்டு. அதை மறைப்பது இறந்துபோன அத்தனை பேரையும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று பழிப்பதாகும்.

நான்காவது வாதம் எங்கள் பங்கை நோக்கியே வீசப்படுவது. “உங்கள் ஆலயமே லூர்து மாதா பெயரில்தானே இருக்கிறது? லூர்தில் முடவர் நடக்கவில்லையா? பிறகு ஏன் சந்தேகம்?” இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

லூர்தில் குணமானதாகப் பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். 1883 முதல் அங்கே ஒரு மருத்துவப் பணியகம் இருக்கிறது. குணம் பெற்றேன் என்று வருகிறவரை மருத்துவர்கள் சோதிக்கிறார்கள்; பழைய நோய்ச் சான்றுகளைக் கேட்கிறார்கள்; ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபது சொச்சம் மட்டுமே. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் போய்வரும் இடம் அது. பெரும்பாலான நோயாளிகள் நோயோடுதான் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் விசுவாசம் அற்றவர்கள் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை.

மாதாவைக் கண்ட பெண்ணையே பாருங்கள். பெர்னதெத் சுபிரூ ஏழை மாவு ஆலைக்காரரின் மகள். சிறுவயதில் காலரா கண்டு பிழைத்தவள், அதன்பின் ஆஸ்துமாவோடு வாழ்ந்தவள். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை அன்னையைக் கண்டாள். அவள் கை தோண்டிய இடத்தில்தான் லூர்தின் ஊற்று சுரந்தது. அந்தத் தண்ணீரைத் தேடி உலகமே வந்தது. அவளுடைய ஆஸ்துமா போகவில்லை. 1866இல் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள் தானே நோயாளியானாள். முழங்கால் எலும்பில் காசநோய் பிடித்தது. படுக்கையிலேயே வாடி 1879 ஏப்ரல் 16 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 35. இவ்வுலகில் உன்னை மகிழ்ச்சியாக வைப்பேன் என்று அன்னை அவளுக்கு வாக்களிக்கவில்லை, மறுவுலகையே காட்டினார். அவளை 1933இல் திருச்சபை புனிதையாக உயர்த்தியது. விசுவாசத்தின் அளவே உடல்நலத்தின் அளவு என்றால் பெர்னதெத்தின் விசுவாசத்தை எந்தப் படியில் வைப்பீர்கள்? லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11ஐ உலக நோயாளர் நாளாக 1992இல் அறிவித்தவர் போப் இரண்டாம் ஜான் பால். நோயாளிகளுக்குத் திருச்சபையில் உரிய இடம் உண்டு என்பதே அந்த நாளின் பொருள். அறிவித்த அவரே பின்னர் பார்க்கின்சன் நோயால் நடுங்கிய கைகளோடு உலகத்தின் முன் நின்றவர்.

லூர்து இருக்கும் பிரான்சு தூரம் என்றால் ஈப்போவிலேயே பாருங்கள். சிபில் கார்த்திகேசு கத்தோலிக்கர், தாதி. ஜப்பானியர் காலத்தில் பாப்பான் என்ற ஊரில் இருந்துகொண்டு காயப்பட்ட கொரில்லாக்களுக்கு இரகசியமாக மருந்து கட்டினார். 1943இல் பிடித்துச் சென்று வதைத்தார்கள், முதுகெலும்பு சிதைந்தது, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. செபம் அவரை விட்டுப் போகவில்லை. போருக்குப் பின் பிரிட்டனில் சிகிச்சை பெற்றும், 1948 ஜூனில் 48 வயதில் காலமானார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்கு வந்து செயின்ட் மைக்கல் ஆலயத்தை அடுத்த கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. நாற்பத்தெட்டு வயதில் முடிந்த அந்த வாழ்க்கையை ‘விசுவாசக் குறைவு’ என்று சொல்ல யாருக்குத் துணிவு இருக்கிறது?

ஐந்தாவது, மேடைச் சாட்சிகள். குணமாகாதவருக்கு அங்கே ஒலிபெருக்கி கொடுப்பதில்லை. இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

கடைசியாக, நம்பிவிட்டுப் போகட்டுமே, இதில் யாருக்கு என்ன நட்டம் என்பார்கள். நட்டம் நம் வீடுகளில் நடக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். இனிப்பு நீர் உள்ளவர் ஊசியை நிறுத்தினால் பலரை உடல் உடனே தண்டிப்பதில்லை. சில நாள் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதையே சாட்சியாகச் சொல்லவும் வைத்துவிடுவார்கள். பிறகு கால் புண் ஆறாது, கண் மங்கும், சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் கட்டிலில் படுக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஓர் அம்மா இப்படித்தான் காலை இழந்தார். காலைவிட அவரை அதிகம் வருத்தியது, “நீ முழுசா நம்பல” என்று கூட்டத்தார் சொன்னதுதான். ஊசியை நிறுத்தச் சொன்னவர்களே பழியையும் அவர்மேல் போட்டுவிட்டார்கள். இதைவிடப் பெரிய கொடுமையை நான் பார்த்ததில்லை.

நோயாளியின் தலைமேல் கைவைத்துச் செபியுங்கள், நானும் செபிக்கிறேன். செபித்த பிறகு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரை நேரத்துக்கு எடுத்தாரா என்று கேளுங்கள், டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். ஈப்போவின் ஃபாத்திமா மருத்துவமனையைத் தொடங்கிய துறவறச் சகோதரர்கள் புரிந்துகொண்ட விசுவாசம் அது. நோயாளியைப் பார்த்து “உனக்கு விசுவாசம் போதவில்லை” என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஆண்டவர் எந்தப் போதகருக்கும் கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை மேடையிலிருந்து இறக்குங்கள்.