களமிறங்கும் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும்: அமெச்சூர் கார் பந்தயப் பாதுகாப்புக்கான கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு (எஃப்.எம்.எஸ்.சி.ஐ.), பந்தயங்களை நடத்தும் கழகங்கள், பந்தயத் தளங்களின் நிர்வாகங்கள், தமிழ்நாடு அரசு, ஒன்றிய நிதி அமைச்சகம்.

முன்னுரை

நாங்கள் கார் பந்தயத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்ல. வாரம் முழுவதும் ஒர்க் ஷாப்பிலும் கடையிலும் ஐ.டி. அலுவலகத்திலும் உழைத்து, மிச்சம் பிடித்த காசில் டயர் வாங்கி, வார இறுதியில் இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தளங்களில் ஓட்டுகிறவர்கள். எங்கள் கார்களைத் தயார் செய்யும் மெக்கானிக்குகளும், கொளுத்தும் வெயிலில் கொடி பிடிக்கும் மார்ஷல்களும், ‘ரேஸ் முடிந்தது’ என்ற போன் வரும்வரை தவித்திருக்கும் குடும்பத்தாரும் எங்களோடு சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறார்கள்.

இந்த விளையாட்டைத் தமிழ்நாட்டில் வளர்த்தவர்கள் ஆர்வலர்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கழகமே நிரந்தரத் தளம் அமைத்தது. கோவையில் கரிவரதன் உள்நாட்டு உதிரிப்பாகங்களைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவைத் திறந்தார். அதே கோவையிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அந்தப் பெருமையோடு ஒரு துயரத்தையும் சுமக்கிறோம். 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயத்தின்போது 59 வயது மூத்த ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று அதே தளத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். யார் மீதும் பழி சுமத்த இதை நினைவூட்டவில்லை. அறிந்தே ஏற்கும் ஆபத்து வேறு. முன்கூட்டியே தடுக்கக்கூடிய ஆபத்தை அப்படியே விட்டுவைப்பது வேறு. இரண்டாவதை இனி ஏற்கமாட்டோம் என்று சொல்லவே எழுதுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு

பாதுகாப்பு விதிகள் கடுமையாக இருக்கட்டும். எங்களுக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். ஆனால் அந்த விதிகளின் செலவு முழுவதும் தனி ஓட்டுநரின் தலையில் விழக் கூடாது. அப்படி விழுந்தால் ஒருவர் காலாவதியான பெல்ட்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவார்; இன்னொருவர் போலி லேபிள் ஒட்டிய ஹெல்மெட்டைத் தேடுவார்; மூன்றாமவர் தளத்தை விட்டுவிட்டு நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவார். கடைசியில் சொன்னதில் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. ஆகவே பாதுகாப்பு என்பது பணம் உள்ளவர் வாங்கிக்கொள்ளும் பொருளாக இல்லாமல், பந்தயம் நடத்தும் அமைப்பு எல்லோருக்கும் உறுதி செய்யும் வசதியாக இருக்க வேண்டும்.

உலகில் இன்று நிலைத்திருக்கும் பல பாதுகாப்பு விதிகள் எங்களைப் போன்றவர்களின் இழப்பிலிருந்து பிறந்தவை. பந்தய ஹெல்மெட்டுகளில் காணும் ‘ஸ்னெல்’ முத்திரை, 1956-இல் பந்தயத்தில் தலைக்காயத்தால் இறந்த அமெச்சூர் ஓட்டுநர் பீட் ஸ்னெல்லின் பெயரைத் தாங்கியது. அடுத்த ஆண்டே அவருடைய நண்பர்கள் அறக்கட்டளை தொடங்கி, ஹெல்மெட்டைச் சோதிக்கும் தரத்தை உருவாக்கினார்கள். அந்த வழியில்தான் நாங்களும் கேட்கிறோம்.

கோரிக்கைகள்

1. விதி மாற்றத்துக்கு ஒரு காலஒழுங்கு வேண்டும்

பாதுகாப்பு விதிகளும், கார்களின் வேகத்தைச் சமன்படுத்தும் விதிகளும் தனித்தனிப் பகுதிகளாக வெளியாக வேண்டும். சீசன் தொடங்க 120 நாட்களுக்கு முன் வரைவு வெளியிடப்பட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். ஓட்டுநர், மெக்கானிக், மார்ஷல் பிரதிநிதிகளின் கருத்தைக் கேட்ட பிறகே அது இறுதியாக வேண்டும். ஏற்கெனவே வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த, காரின் பாதுகாப்புக் கூண்டைச் சீசன் நடுவில் அறுத்தெறியச் சொன்னால், சிறிய அணிகளுக்கு அந்த ஆண்டே போய்விடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்த குறைகளுக்கு மட்டும் அன்றே மாற்றம் வரலாம். அதை முழு மனதோடு ஏற்போம்.

2. தலை, கழுத்துக் காப்பு எல்லா ஓட்டங்களிலும் கட்டாயம்

கார் சுவரில் நேராக மோதும்போது பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்திவிடும். ஹெல்மெட்டின் எடையோடு தலை மட்டும் முன்னே பாயும். அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உயிர் போய்விடும். இதைத் தடுப்பது தோளில் அமரும் ‘ஹான்ஸ்’ கருவி. பெல்ட்டுகள் அதன் மேல் படிந்து அதை அழுத்திப் பிடிக்க, இரு பக்கமும் உள்ள வார்கள் ஹெல்மெட்டைப் பின்னிழுத்து நிறுத்தும்.

1981-இல் அமெரிக்காவின் மிட்-ஒஹையோ தளத்தில் ஓட்டுநர் பாட்ரிக் ஜாக்மார் இறந்த பிறகு, ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் அவருடைய மைத்துனரான பொறியாளர் ராபர்ட் ஹப்பார்டும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். கருவி கையில் இருந்தும் உலகம் தயங்கியது. 2001-இல் டேடோனாவில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகே அமெரிக்காவின் நாஸ்கார் பந்தய அமைப்பு தலை, கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003-இலும், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 2012-இலும் வழிக்கு வந்தன. அந்தத் தயக்கத்தின் விலை என்னவென்று தெரிந்த பிறகு நாமும் அப்படித் தயங்கக் கூடாது.

பந்தயத்துக்கு மட்டுமல்ல, பயிற்சி ஓட்டத்துக்கும் டிராக் டே ஓட்டத்துக்கும் இது கட்டாயமாக வேண்டும். வாங்க முடியாதவருக்காக ஒவ்வொரு தளத்திலும் கருவி வங்கி வேண்டும். நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஒதுக்கி, சர்வதேச வாகனக் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.ஏ.) 8858 தரச்சான்று பெற்ற கருவிகளையும் அவற்றுக்குப் பொருந்தும் ஹெல்மெட்டுகளையும் சிறு வாடகைக்குத் தர வேண்டும். சாலை டூவீலர் ஹெல்மெட்டோடு கார் ஓட்ட எந்தத் தளமும் அனுமதிக்கக் கூடாது. கார் பந்தய ஹெல்மெட்டின் தீத்தாங்கும் உட்புறமும், கூண்டுக் கம்பியில் இடிபடுவதைத் தாங்கும் சோதனையும் சாலை ஹெல்மெட்டில் கிடையாது.

3. பெல்ட், சீட், கூண்டு: பதிவேடும் ஆய்வும்

பந்தயத்துக்கு முன் காரை ஆய்வு செய்யும் ஸ்க்ரூட்டினி கொட்டகையில் பழைய பெல்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட பக்கம் நிறம் வெளிறியிருக்கும். கொக்கி உரசிய இடத்தில் நூல் பிசிறு தட்டியிருக்கும். ‘இதற்குப் பின் செல்லாது’ என்று ஆண்டு அச்சிட்ட லேபிள் பாதி தேய்ந்திருக்கும். இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் தோன்றும். மோதும் நொடியில்தான் அதன் வயது தெரியும். எஃப்.ஐ.ஏ. தரச் சீட்டுக்கும் ஆயுள் வரம்பு உண்டு. கண் பார்வையை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு காருக்கும் மின்னணுப் பதிவேடு ஏற்படுத்தி, பெல்ட், சீட், தீயணைப்பான் ஆகியவற்றின் காலாவதியும் ஒவ்வொரு விபத்தும் அதில் ஏற வேண்டும். கார் கைமாறும்போது பதிவேடும் கூடவே போக வேண்டும்.

கூண்டுக்கு எஃப்.ஐ.ஏ. விதிப்படி முதன்மை வளையமான மெயின் ஹூப் குழாய் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் கொண்ட, தையல் இல்லாத எஃகாக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே இருப்பது சாதாரணப் பைப்பா என்று கண்ணால் பார்த்து அறிய முடியாது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் விதிப்புத்தகம் கூண்டில் ஒரு சிறு ஆய்வுத் துளை கேட்கிறது. அதன் வழியே கனத்தை அளந்துவிடலாம். செலவே இல்லாத இந்த வழியை இங்கும் கொண்டுவர வேண்டும். கூண்டு கட்டும் வெல்டர்களுக்குக் கூட்டமைப்பே பயிற்சியும் சான்றும் தர வேண்டும்.

4. தீப்பிடித்தால் வெளியேறுதல்

எஃப்.ஐ.ஏ.வின் ஜி.டி.3 கார் விதி, ஓட்டுநர் தன் பக்கக் கதவு வழியே 7 நொடியிலும் மறுபக்கம் வழியே 9 நொடியிலும் வெளியே வர வேண்டும் என்கிறது. நம் சலூன் கார்களுக்கும் இதே சோதனையை முழு உடையோடு, ஆண்டுக்கு ஒரு முறை, ஸ்க்ரூட்டினியில் கடிகாரம் வைத்து நடத்த வேண்டும்.

5. மருத்துவக் குழு இல்லாமல் ஒரு சுற்றும் ஓடக் கூடாது

மயக்க மருத்துவத்திலோ விபத்துச் சிகிச்சையிலோ அனுபவமுள்ள மருத்துவர், உயிர்காக்கும் கருவிகள் கொண்ட ஆம்புலன்ஸ், சிதைந்த காரிலிருந்து கழுத்தும் முதுகும் அசையாமல் ஆளை எடுக்கப் பயின்ற குழு: இம்மூன்றும் தளத்தில் தயாராக இருந்தால் மட்டுமே பச்சை விளக்கு எரிய வேண்டும். காயம்பட்டவரோடு ஆம்புலன்ஸ் வெளியே சென்றுவிட்டால், மாற்று ஆம்புலன்ஸ் வரும்வரை பந்தயம் நிற்க வேண்டும். நேரம் போகிறது, டி.வி. ஒளிபரப்பு காத்திருக்கிறது என்ற காரணங்கள் இதற்கு முன் நிற்கக் கூடாது. அருகிலுள்ள விபத்துச் சிகிச்சை மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். 45 வயது கடந்த ஓட்டுநர்களுக்கு இதயப் பரிசோதனையும், சிறார்களுக்குப் படிப்படியான உரிமமும் கட்டாயமாக வேண்டும்.

6. மார்ஷல்களின் உயிரும் எங்கள் உயிர்தான்

1977-இல் தென்னாப்பிரிக்காவின் கயலாமி தளத்தில், தீயை அணைக்க ஓடுதளத்தின் குறுக்கே ஓடிய இளம் மார்ஷலும் அவர் மீது மோதிய ஓட்டுநர் டாம் பிரைஸும் ஒருசேர இறந்தனர். 2014-இல் ஜப்பானின் சுசுகா தளத்தில் மீட்பு டிராக்டர் மீது மோதிய ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கி மறு ஆண்டு உயிரிழந்தார். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஃபார்முலா ஒன்னில் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் வேகம் குறைக்கும் முறை வந்தது. ஓடுதளத்தில் ஆளோ மீட்பு வண்டியோ இறங்குமுன் பந்தயம் முழுவதும் வேகக் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு கொடி நிலையத்துக்கும் வாக்கி டாக்கி, தடுப்பு, நிழல், குடிநீர் வேண்டும். மார்ஷல்களுக்குப் பயிற்சியும் நியாயமான படியும் தரப்பட வேண்டும்.

7. தளத்தின் நிலை பகிரங்கமாகட்டும்

டயர் தடுப்புகள் ஒன்றோடொன்று போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டுள்ளனவா, மண் ஓரங்கள் சமமாக உள்ளனவா, வேலி காரைத் தாங்குமா என்பதைச் சீசனுக்கு முன் வெளியாட்கள் ஆய்வு செய்து, அந்த அறிக்கையைப் பிட்டில் ஒட்ட வேண்டும்.

8. ஒவ்வொரு பெரிய விபத்துக்கும் பொது அறிக்கை

உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்தால், பந்தயத்தை நடத்திய கழகத்தைச் சேராத பொறியாளர், மருத்துவர், மூத்த ஓட்டுநர் கொண்ட குழு விசாரிக்க வேண்டும். 90 நாட்களில் அறிக்கை வெளிவர வேண்டும். தண்டிப்பது அதன் நோக்கமாக இருக்கக் கூடாது. என்ன நடந்தது, எது தாங்கவில்லை, எதை மாற்ற வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் விடை இருந்தால் போதும். ஒரு குடும்பம் தன் பிள்ளையை இழந்த பிறகு, காரணத்தை அறிய நீதிமன்றப் படி ஏறும் நிலை வரக் கூடாது. அடுத்த ஓட்டுநர் அதே வளைவில் அதே குறையோடு போவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

9. காப்பீடு

வாகனக் காப்பீட்டுப் பத்திரங்களைப் புரட்டினால் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்குப் பட்டியலில் இருக்கும். எனவே ஓட்டுநர், மெக்கானிக், மார்ஷல் ஆகிய எல்லோருக்கும் பந்தயத்துக்கென்றே எடுத்த குழுக் காப்பீடு வேண்டும். பாலிசி விவரங்கள் நுழைவுப் படிவத்தோடு தமிழிலும் தரப்பட வேண்டும்.

10. அரசுகளிடம்

சென்னையின் சாலைகளில் 2024-இல் இரவுப் பந்தயம் நடத்தத் துணை நின்றது தமிழ்நாடு அரசு. அதை வரவேற்றோம். அதே அக்கறை, காமிரா வராத ஞாயிறுகளுக்கும் நீள வேண்டும். கருவி வங்கிக்கும் மீட்புக் குழுப் பயிற்சிக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நிதி ஒதுக்க வேண்டும். சான்று பெற்ற ஹெல்மெட், ஹான்ஸ், பெல்ட், தீத்தாங்கும் உடை ஆகியவற்றின் இறக்குமதி வரியை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். உயிர் காக்கும் பொருளை ஆடம்பரப் பொருளாகக் கருதக் கூடாது.

எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். காலாவதியான பெல்ட்டை விற்கமாட்டோம், வெட்டி எறிவோம். விபத்தை மறைத்துக் காரை ஸ்க்ரூட்டினிக்குக் கொண்டுவர மாட்டோம். மஞ்சள் கொடி தெரியும் இடத்தில் முந்தியவர் எங்கள் அணியினராக இருந்தாலும் அவருக்காக வாதாட மாட்டோம். கருவி வங்கிக்காக நுழைவுக் கட்டணம் உயர்ந்தால் முணுமுணுக்காமல் கட்டுவோம்.

காலவரம்பு

மருத்துவக் குழு, மார்ஷல் பாதுகாப்பு, விபத்து அறிக்கை ஆகியவற்றைச் சொல்லும் 5, 6, 8 ஆகிய கோரிக்கைகள் வரும் சீசனின் முதல் பந்தயத்துக்கு முன் நடைமுறைக்கு வர வேண்டும். மற்றவற்றுக்கு ஓராண்டு தருகிறோம். இவற்றில் எது ஏற்கெனவே விதியாக இருக்கிறதோ, அது ஏட்டிலிருந்து இறங்கி ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் நடப்பதைக் காட்டுங்கள். பேச அழைத்தால் எந்த நாளும் வருவோம். ஆனால் ஆம்புலன்ஸும் மருத்துவரும் இல்லாத தளத்தில், யார் சொன்னாலும், எந்தக் கோப்பைக்காகவும், கிரிடில் காரைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டோம்.