தூங்கும் கணினியை எழுப்பும் உரிமை

லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்த பிறகும் அதனுள் ஒரு சிப் நேரத்தை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அதற்குத் துணை. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். அதற்காகவே தேர்ந்தெடுத்த எண். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இருந்த மோட்டோரோலா கடிகாரச் சிப்பிலேயே அலாரமும் உண்டு. மணி, நிமிடம், நொடி மூன்றையும் அதற்குச் சொல்லலாம். தேதியைச் சொல்ல வழியில்லை. நாளுக்கும் மாதத்துக்கும் இடம் தந்தது, கணினியின் மின் மேலாண்மைக்காகப் பின்னால் வந்த ஏசிபிஐ தரநிலை.

அலாரம் ஒன்றுதான், எழுப்பச் சொல்லிக் கேட்கும் புரோகிராம்களோ பல. லினக்ஸின் கெர்னல் எல்லாக் கோரிக்கைகளையும் நேர வரிசையில் வைத்துக்கொண்டு, முதலில் வரவேண்டிய ஒன்றை மட்டும் சிப்பில் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறது.

சிக்கல் தூங்கப் போகும் அந்தக் கணத்தில்தான். கணினி ஒவ்வொரு பாகமாக அணைத்துக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடித்துவிட்டால்? அடித்ததை யாரும் கவனிக்காமல் கணினி தூங்கிப்போகும், மறுபடி எழுப்ப எதுவும் இருக்காது. அதனால் அலாரத்துக்கு இரண்டு நொடிகூட மீதம் இல்லையென்றால் லினக்ஸ் தூங்கவே மறுக்கிறது. 2010-இல் இன்னொரு காவலும் சேர்ந்தது. எழுப்பும் நிகழ்வு ஒவ்வொன்றையும் கெர்னல் எண்ணி வைக்கும். தூங்கச் சொல்லும் புரோகிராம் முதலில் அந்த எண்ணிக்கையைப் படித்துக்கொண்டு, பிறகு அதையே திருப்பி எழுத வேண்டும். இடையில் எண் மாறியிருந்தால் எழுத முடியாது. வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் தூக்கம். தீர்வு எளிமையானதுதான், ஆனால் எவ்வளவு நுட்பமான கவனம்! இதை எழுதியவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எழுப்பும் வழி இப்படி உறுதியானபின், எழுப்பும் உரிமை யாருக்கு என்று கேட்டாக வேண்டும். ஆண்ட்ராய்டு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. 2013-இல் வந்த 4.4 பதிப்பு, பல செயலிகளின் அலாரங்களைச் சற்றுத் தாமதப்படுத்தி ஒன்றாக எழுப்பத் தொடங்கியது. 2015-இல் 6.0 பதிப்பில் வந்த டோஸ் என்னும் மின்சேமிப்பு முறை இன்னும் கண்டிப்பானது. ஆனால் விடியற்காலை பஸ்ஸுக்காக நாம் வைக்கும் அலாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது சொன்ன நேரத்துக்கு அடிக்கும். இந்த வரிசைதான் சரி. பொருளை வைத்திருப்பவரின் சொல் முதலில், செயலியின் தேவை பிறகு.

கணினியிலும் அதே முறை வேண்டும். அப்டேட்டுக்காக நடு இரவில் தானாக விழித்து, பைக்குள்ளேயே சூடாகிக் கிடக்கும் லேப்டாப் அதன் உரிமையாளரைக் கேட்டு எழுந்ததில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸின் கூடுதல் அமைப்புகளைத் திறந்து, ஸ்லீப் என்பதன் கீழே வேக் டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தேவையில்லாதவர்கள் இன்றைக்கே அதை அணைத்துவிடுங்கள்.