19 மாதம் பூட்டிய பள்ளி... திறக்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

கேள்வி: “எனக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு மகள், இரண்டாம் வகுப்பில் ஒரு மகன். 2021 நவம்பர் 1-ம் தேதி பள்ளி திறக்கிறார்கள். அதற்கு முன் பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் ஹெச்.எம். வீட்டில் மாமியார், ‘இப்ப ஒண்ணும் அனுப்ப வேண்டாம்’ என்கிறார். வீட்டுக்காரரோ, ‘அனுப்பு, இங்க சும்மாதான திரியுதுங்க’ என்கிறார். அனுப்பலாமா? கூட்டத்தில் என்ன கேட்பது?”
- மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அனுப்பலாம். ஆனால், மாமியார் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். கொரோனா பெரும்பாலான சிறுபிள்ளைகளுக்கு லேசாக வந்து போய்விடுகிறது. பிள்ளை அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால், பாதிப்பு பாட்டிக்கும் தாத்தாவுக்கும்தான் அதிகம். 2021 அக்டோபரில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியிருக்கவில்லை. அதனால் முதல் ஏற்பாட்டை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். மாமியார் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டாரா? 2021 செப்டம்பர் 12-ம் தேதி தொடங்கிய மெகா முகாம்கள் கிராமங்களிலும் நடந்தன. 2021-ல் வருகைப்பதிவு கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருந்தது. எனவே, வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி என்றால் பிள்ளையைத் தயங்காமல் நிறுத்திக்கொள்ளலாம்.

கூட்டத்தில் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பர் 16-ம் தேதி 9 முதல் 12 வரை திறப்பதாக அறிவித்துவிட்டு, 9-ம் தேதி பள்ளிதோறும் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. 12-ம் தேதியே திறப்பைத் தள்ளிவைத்தார்கள். பிறகு 2021 ஜனவரியில் மறுபடி கேட்டுவிட்டு, 19-ம் தேதி 10, 12 வகுப்புகளை மட்டும் அறைக்கு 25 பேர் என்று தொடங்கினார்கள். பிப்ரவரி 8-ல் 9, 11 வகுப்புகள் வந்தன. மார்ச் 22-ல் 12-ம் வகுப்பைத் தவிர மற்றவை மூடப்பட்டன. 2021 செப்டம்பர் 1-ல் மீண்டும் 9 முதல் 12 வரை. இத்தனை திறப்பு, மூடலுக்கு நடுவில், ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடப் பள்ளி நடக்கவில்லை. 2021 நவம்பர் 1-ல்தான் அவர்கள் முறை வந்தது.

வழிகாட்டுதல்கள் சென்னையிலிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு வரும், அவரிடமிருந்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து ஹெச்.எம். கைக்கு. அறைக்கு 20 பேர், மாஸ்க், கை கழுவுவது, வாசலில் காய்ச்சல் பார்ப்பது என்று எல்லாப் பள்ளிக்கும் பொதுவானதெல்லாம் 2021-ல் அதில் இருந்தது. மணப்பாறையில் அந்த வாரம் களையெடுப்பு நடக்கிறதா, எந்தக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அது ஊரில்தான் முடிவாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பல ஊர்களில் அது கையெழுத்துக் குழுவாகவே இருக்கிறது. இந்தக் கூட்டத்தை அதற்கு உயிர்கொடுக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் முறை நாள். ஒரு கணக்குக்கு, பள்ளியில் 118 பிள்ளைகள், ஐந்து அறைகள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 20 என்றால் 100 பேர்தான் உட்கார முடியும். மீதி 18 பேருக்காக, ‘ஒரு நாள் இந்த வகுப்பு, மறுநாள் அந்த வகுப்பு’ என்று பள்ளி முறை போடும். வருகைப் பதிவேடு வகுப்புவாரியாக இருக்கிறது. வீடு அப்படி இல்லையே! ஐந்தாம் வகுப்பு மகள் திங்களும், இரண்டாம் வகுப்பு மகன் செவ்வாயும் என்று வந்தால், இரண்டு நாளும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலி இரண்டு நாளும் போகும். இல்லாவிட்டால் அக்காவே பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவதுதான். பொம்பளைப்பிள்ளையின் படிப்பு இப்படித்தான் ஓசையில்லாமல் நின்றுபோகிறது.

ஆகவே, கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நாள் கிடைக்குமா?” என்பதுதான். ஒவ்வொரு வகுப்பையும் இரண்டாகப் பிரித்து, அண்ணன் தம்பி அக்கா தங்கையை ஒரே பிரிவில் போட்டால் முடியும். குடியிருப்புவாரியாகப் பிரித்தால் இன்னும் சுலபம். ஒரு தெருப் பிள்ளைகள் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். இதில் ஆசிரியருக்குக் கஷ்டம் உண்டு. ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்த வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனாலும் கேட்டுப்பார்க்கலாம். 35, 40 பிள்ளைகள் உள்ள சின்னப் பள்ளி என்றால் முறை நாளே தேவைப்படாது. அங்கே இடம் இருக்கும், ஆசிரியர்தான் இருக்க மாட்டார். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.

அடுத்தது காற்று. கோழி வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்குப் பயந்து கொட்டகையின் படுதாவை முழுக்க இறக்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரு கோழியின் சளி கொட்டகை முழுக்கப் பரவும். கொரோனா கிருமியும் மூச்சுக்காற்றில்தான் அதிகம் பரவுகிறது. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து வெளியேறும். பெஞ்சை நாலு தடவை லைசால் போட்டுத் துடைப்பதைவிட, துருப்பிடித்து மாட்டிக்கொண்ட ஜன்னல் கொக்கிகளைத் திறந்து வைப்பது பலன் தரும். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மாமீட்டரையும் முழுசாக நம்பக் கூடாது. காய்ச்சல் இல்லாத பிள்ளையிடமிருந்தும் தொற்று வரும்.

பிள்ளைகள் மாஸ்க்கைக் கழற்றுவது சாப்பிடும் நேரத்தில். அப்போதுதான் நெருக்கமாக உட்கார்ந்து பேசுவார்கள். சத்துணவை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போடாமல் இரண்டு பந்தியாகப் போட முடியுமா என்று சத்துணவு அமைப்பாளரிடம் கேட்க வேண்டும். மரத்தடி நல்ல இடம்தான். ஆனால், வரப்போவது ஐப்பசி, கார்த்திகை மழை. மழை நாளில் எங்கே உட்கார வைப்பார்கள்? வராண்டாவா, அறையா? இதைத் திறப்பு நாளன்று யோசித்தால், கடைசியில் எல்லோரும் ஒரே அறையில்தான் சாப்பிடுவார்கள்.

கட்டடத்தைப் பொறுத்தவரை ஊர்க்காரர்களே பாதி வேலையை முடித்துவிடலாம். பூட்டிக்கிடந்த இடத்தில் பாம்பு, குளவிக்கூடு, செல்லரித்த மின்வயர் எல்லாம் இருக்கும். மழைக்காலத்தில் பாம்பு காய்ந்த இடம் தேடி உள்ளே வரும். விறகுக் குவியல், உடைந்த பெஞ்சு அடுக்கி வைத்த மூலை, கழிப்பறைப் பின்பக்கம் எல்லாவற்றையும் கம்பு வைத்து, பகல் வெளிச்சத்தில், பெரியவர்கள் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, குளோரின் போடும் வேலையை ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரிடமே விட்டுவிடலாம். கழிப்பறைத் தொட்டி நிரம்பியிருந்தால் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே விஷவாயு இருக்கும், லாரி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். வேலை முடிந்ததும் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த குடம், மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீர் ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். கொரோனாவையே பார்த்துக்கொண்டிருந்து டெங்குவைக் கோட்டைவிடக் கூடாது.

2021-ல் பள்ளி திறப்பு திங்கள்கிழமை. வியாழக்கிழமை தீபாவளி. அந்த மூன்று நாளில் பெரிதாகப் பாடம் நடக்கப்போவதில்லை. பயம் தெளிய, வழி பழக அது நல்லதுதான். ‘தீபாவளி கழித்து அனுப்பிக்கொள்ளலாம்’ என்று இருந்தால், அடுத்து மழை லீவு வரும், அப்படியே மாதம் ஓடிவிடும்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் இரண்டாம் வகுப்பு என்பது காகிதத்தில்தான். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதியதோடு சரி, பெஞ்சில் உட்கார்ந்தே இருக்க மாட்டான். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தாலும், பென்சில் பிடிக்க அது கற்றுத்தராது. ஒன்று, இரண்டு வகுப்புகளைச் சில மாதங்களுக்குச் சேர்த்து உட்காரவைத்து, ‘அ’ எழுதுவதிலிருந்து தொடங்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். “பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்கிறான், இவன் மட்டும் ஏன் இப்படி” என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம். மாலையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021-ல் முதலில் 12 மாவட்டங்களில் வந்தது. அதில் திருச்சியும் உண்டு. உங்கள் ஊரில் நடக்கிறதா என்பதை அந்தக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: “தங்கை மகன் தனியார் பள்ளியில் ஆறாவது படித்தான். ஃபீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். ஒரு வருடமாக ஆடு மேய்க்கிறான், பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கும் போகிறான். வயது 13. இனி எந்த வகுப்பில் சேர்ப்பது, சேர்ப்பார்களா?”
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

பதில்: சேர்த்தே ஆக வேண்டும். டி.சி. வரவில்லை, தாமதமாகிறது என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவு இதைச் சொல்கிறது. 4-ம் பிரிவுப்படி, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு ஹெச்.எம்.-மைப் பார்க்கட்டும். தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆடு விஷயம் தனி. 14 வயது நிரம்பாத பிள்ளை, சொந்தக் குடும்பத்தின் வேலையில் பள்ளி நேரம் போக உதவலாம். கூலிக்குப் போகக் கூடாது. அழைத்துப்போகும் தோட்டக்காரர்மீது வழக்கு வரும். ஆனால், வீட்டில் உண்மையான தடை சட்டம் இல்லை, கணக்கு. ஒரு வருடமாக அவன் கூலியை வைத்துக் கடைப் பாக்கி கட்டிப் பழகியிருப்பார்கள். அதை வெளிப்படையாகப் பேசாமல், “படிப்பு முக்கியம்” என்று மட்டும் தங்கையிடம் சொன்னால், இரண்டு வாரம் போவான், மூன்றாவது வாரம் நின்றுவிடுவான். பத்து ஆடு இருந்தால் நான்கை இந்தத் தீபாவளிக்கே விற்றுவிட்டு, மிச்சத்தைக் காலையும் மாலையும் மட்டும் ஓட்டி, நடுவில் அகத்தி, சூபாபுல் தழை வெட்டிப்போட்டுக் கட்டி வைக்க முடியுமா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பண்டிகை நேரத்தில் விலையும் கிடைக்கும். பையனை யாராவது வற்புறுத்தி வேலைக்கு வைத்திருந்தால் 1098-க்குச் சொல்லலாம்.

கேள்வி: “பள்ளி வளாகத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. பிள்ளைகள் வருவதற்குள் மருந்து அடித்துவிடலாமா?”
- வையம்பட்டியிலிருந்து பள்ளிப் பணியாளர் ஒருவர்

பதில்: பூச்சிக்கொல்லி வேண்டாம். அந்தக் கீரை சத்துணவுக்கும் போகும், பிள்ளைகள் பறித்தும் விளையாடுவார்கள். மழை தொடங்கியதும் இந்தப் புழு பெருகுவது வழக்கம். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும்போது, நீளக் குச்சியில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி, பட்டை கருகாதபடி லேசாகக் காட்டினால் உதிர்ந்துவிடும். கூரை, வயர் பக்கத்தில் இருந்தால் தீ வேண்டாம். மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் என்று கரைத்து, கூட்டத்தின்மீது நன்றாக நனையும்படி தெளிக்கலாம். உதிர்ந்த புழுவைக் கையால் தொடாமல் கூட்டி அள்ளிக் குழியில் புதைத்துவிட வேண்டும். செத்த புழுவின் முடியும் அரிக்கும். இலைக்கு அடியில் முட்டைக் குவியல் இருந்தால் அந்தக் கொப்பையே ஒடித்து எரித்துவிடுங்கள். அக்டோபர் கடைசி வாரத்துக்குள் ஒரு தடவை, தீபாவளி விடுமுறையில் இன்னொரு தடவை பார்த்தால் போதும்.