வேலைக்குப் போய்க்கொண்டே பிளஸ் டூ உயிரியல்: தடை வயதா, மனப்பாடமா?

“பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன். இப்போ நர்சிங் படிக்கணும்னு ஆசை. ஆனா பயாலஜி இல்லையே...”

ராஜபாளையத்தில் மில் ஷிஃப்ட் முடித்து வருபவரோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடையில் நிற்பவரோ, யாரும் கேட்கக்கூடிய கேள்வி இது. 16 வயதில் எடுத்த குரூப், 26 வயதில் கதவை அடைக்கிறது. அந்தக் கதவை மறுபடி திறக்க முடியுமா? முடியும். ஆனால், பள்ளியில் படித்த மாதிரியே படித்தால் கஷ்டம் என்பதே என் கருத்து.

வழி இருக்கிறதா?

இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்-ல் மேல்நிலைப் படிப்புக்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவர்கள் உயிரியலை மட்டும் தனியாக எடுத்து எழுதலாம். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், செய்முறைக்கு 20.

பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. நீட் தேர்வுக்கான மேல் வயது வரம்பு 2022-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பி.எஸ்சி நர்சிங்குக்கும் உயிரியல் தேவை. எந்தப் படிப்பாக இருந்தாலும், பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் உங்கள் தகுதியைச் சரிபார்த்துவிடுங்கள்.

எங்கே சறுக்குகிறோம்?

வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதே ஒன்றிரண்டு மணி நேரம். அதையும் பாடத்தை மறுபடி மறுபடி வாசிப்பதிலும், மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவதிலும் செலவழிக்கிறோம். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தேர்வு அறையில் பேர் வராது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

ஆகவே, 20 நிமிடம் படித்தால், அடுத்த 20 நிமிடம் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரையுங்கள். இதயம், நெஃப்ரான், பூவின் குறுக்குவெட்டு, எதுவானாலும் சரி. விடுபட்டதைச் சிவப்புப் பேனாவால் நிரப்புங்கள். மூன்று நாள் கழித்து அதே படத்தை மறுபடி வரையுங்கள். ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போகும்போது போனை எடுக்காமல் நேற்றைய பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அதுவும் படிப்புதான்.

ஊரே பாடப்புத்தகம்

பள்ளி மாணவருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அனுபவம். மில்லில் பஞ்சைத் தொட்டவருக்கு பிடி பருத்தி வெறும் பெயர் இல்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்தார்கள். அது உருவாக்கும் புரதம், காய்ப்புழுவின் குடலில் உள்ள காரத்தன்மையில் நச்சாக மாறிப் புழுவைக் கொல்கிறது. இந்தியாவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2002-ல். உயிரித் தொழில்நுட்பப் பாடத்தின் ஒரு முக்கியக் கேள்வி இதோடு முடிந்தது!

மரபியலுக்கு நம்மூர் ராஜபாளையம் நாய் இருக்கிறது. வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வருவது ஏன்? நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்தால் என்ன ஆகும்? சூழலியலுக்கு மேற்கே மலை இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக உருவான ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. கிளைக்குக் கிளை தாவும் அந்த அணிலுக்கு மரக்கூரை ஏன் அறுபடாமல் இருக்க வேண்டும் என்று யோசித்தாலே, வாழிடப் பாதுகாப்புப் பாடம் பாதி புரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, செய்முறை. எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அதனால் படிப்பு மையத்தின் செய்முறை வகுப்புத் தேதிகளை முதலிலேயே கேட்டு, மில்லிலோ கடையிலோ லீவு சொல்லி வையுங்கள்.

இரண்டு, வேலையை விடுவது. நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360. மீதிப் பாதி இயற்பியலும் வேதியியலும். உயிரியல் தேறிவிட்டால் டாக்டர் ஆகிவிடலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பி வேலையை விட வேண்டாம். என்.ஐ.ஓ.எஸ் சேர்க்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். அவசரம் உங்களுக்கு இல்லை, கட்டணம் வாங்குபவருக்குத்தான்.

சம்பளம் வரட்டும், படிப்பும் நடக்கட்டும். இன்று ராத்திரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு செல்லை வரைந்து பாருங்கள். எத்தனை பாகத்துக்குப் பேர் எழுத முடிகிறதோ, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.