கடினமான வரி எங்கே?

சென்ற ஆண்டு மகளின் பிறந்தநாளுக்குப் பீத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’ இசைத்தாளை வாங்கினேன். பியானோவில் அப்போதுதான் மூன்றாம் நிலைத் தேர்வை முடித்திருந்தாள். கடையிலேயே முதல் பக்கத்தைப் பார்த்தேன். எளிதாகத்தான் தெரிந்தது. தீபாவளிக்கு வரும் உறவினர் முன் வாசித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

முதல் பக்கம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்தது. சிக்கல் அதற்குப் பிறகு. நடுவில் வலக்கை திடீரென வேகமெடுக்கும். பின்னர் இடக்கை ஒரே சுரத்தை விடாமல் தட்ட வேண்டும். இரண்டு மாதம் முட்டிமோதியவள், “எனக்குப் பியானோ வராதுப்பா” என்று மூடியை இறக்கிவிட்டாள்.

ஆசிரியை கடிந்துகொண்டது என்னைத்தான். “முதல் வரியைப் பார்த்து வாங்காதீர்கள். ஆகக் கடினமான வரியைத் தேடுங்கள். அதைப் பிள்ளையால் மெதுவாகவாவது வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். விரல் எண்கள் அச்சிட்ட பதிப்பாகவும் இருக்கட்டும்,” என்றார்.

அவர் பரிந்துரைத்தது ஷூமான் 1848இல் எழுதிய ‘இளையோருக்கான தொகுப்பு’. தம் மூத்த மகளின் பிறந்தநாளுக்கு எழுதிய சில உருப்படிகளில் தொடங்கி, 43 உருப்படிகளாக வளர்ந்த நூல். முதல் 18 சிறுவர்களுக்கு. மற்றவை சற்று வளர்ந்தவர்களுக்கு.

அவரும் மகளுக்காகத்தான் எழுதினார். நான் விருந்தினருக்காக வாங்கியிருந்தேன்.

இப்போது மகள் ஏழாவது உருப்படியில் இருக்கிறாள். யாரும் சொல்லாமலே மூடியைத் திறக்கிறாள். ‘ஃபூர் எலிஸ்’ அலமாரியில் இருக்கிறது. அவளாகக் கேட்கும்போது எடுத்துக்கொடுப்பேன்.